சிங்கம் கூட்டி வந்த ஆள்

பந்தலுக்குள் யார் நுழைந்தாலும் சிங்கம் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடியது. சாவு வீட்டில் யாரையும் “வாங்க” என்று சொல்லக் கூடாது. அது நாய்க்கு எங்கே தெரியும்? சித்தப்பா சின்னக்கருப்புக்குப் பொறுக்கவில்லை. இழுத்துப் போய்ப் பந்தல்காலில் கட்டினார்.

“எழவு வீட்டுல இதுக்கு என்ன கும்மாளம்? எங்கனயாச்சும் வெரட்டி விடு ஆத்தா.”

ஹேமாவதி எதிரே பூட்டியிருந்த டீக்கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னமனூரிலிருந்து வந்த, அப்பாவின் பழைய கூட்டாளி கமால் மாமா காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார். வரவும் இல்லை, போகவும் இல்லை.

அப்பாவுக்கு இந்த ஸ்பானியல் குட்டியைக் கொடுத்தவர் அவர்தான். “வேட்டைநாய்” என்றாராம். காவலுக்குப் பேர்போன கோம்பை நாய்களைப் பார்த்து வளர்ந்த அப்பா, திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் கிடைத்ததென்று சிங்கம் எனப் பெயரும் வைத்துவிட்டார். அதுவோ, வெள்ளைக்காரன் புதரில் பறவையைக் கிளப்பவும், சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்வி வரவும் வளர்த்த சாதி. மோட்டார் ஒயரைத் திருட வந்தவனுக்கும் வாலை ஆட்டிற்று. “ஏமாத்திட்டியே” என்று அப்பா கமாலிடம் கத்த, நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் நாயைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. சீழ் பிடிக்கும் அந்தத் தொங்கு காதுகளைத் தினமும் துடைத்தவர் அப்பாதான். எல்லாம் வெறும் வீம்பு. நேற்று ஆஸ்பத்திரியில், “கமால் வந்தானா?” என்று கேட்டார். அவள் அவருக்குத் தகவல் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவைத் தூக்குவதற்குள் கமால் மாமா உள்ளே வந்தாக வேண்டும்.

“சித்தப்பா, கமால் மாமா வெளியவே நிக்கிறாக. கூப்பிடட்டா?”

“சாவுக்கு யாரையும் கூப்பிடுற பழக்கம் உண்டா? வாறதுன்னா அவனா வரட்டும்.”

ஹேமாவதி நேரே பந்தல்காலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

“ஏய், என்ன பண்ணுற?”

“நான் யாரையும் கூப்பிடல சித்தப்பா.”

சிங்கம் தெருவைத் தாண்டிப் பாய்ந்தது. கமாலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கைலியின் கரையைக் கவ்வி இழுத்தது. கூடப் போகாவிட்டால் கைலி போய்விடும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே அவர் வந்தார்.

அப்பாவின் முகத்தருகே குனிந்தார். “இன்னும் கோவமாடா?”

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஹேமாவதி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

“நேரமாச்சு, தூக்குங்கப்பா” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பாடை தூக்குகிறவர்களைப் போலக் கமாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டே வரத் தயங்கி ஒதுங்கி நின்றார். சின்னக்கருப்பு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாடையின் முன்பக்கத்தில் கொடுத்திருந்த தன் தோளை விலக்கி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.