தெரிந்திருந்தால்

ஜனூபாவின் தாய் புத்தளத்தில் அகதி முகாமில் படுத்த படுக்கையாய்க் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன, இனி நாள் கடத்துவதுதான் என்று டாக்டர் சொன்னதைத் தம்பி தொலைபேசியில் சொல்லிவிட்டு அழுதான். ஜனூபா கார்ல்ஸ்ரூஹேயில் இருந்தாள். அகதிகளுக்கு ஜெர்மனி கொடுக்கும் பயணப் பத்திரம்தான் அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வேறு எந்த நாட்டுக்குப் போனாலும் இலங்கைக்குப் போக முடியாது. குடியுரிமைக்கு அவள் விண்ணப்பித்தது தாயைப் பார்க்கப் போவதற்காகத்தான். யாராவது கேட்டால் மகள் ஸுமையாவின் எதிர்காலத்துக்காக என்று சொல்லிக்கொள்வாள்.

அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த கமலநாயகியும் அதே மாதம் விண்ணப்பித்திருந்தாள். கமலநாயகிக்குச் சொந்த ஊர் கொக்குவில். ஜனூபாவுக்கு யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு. இரண்டு ஊருக்கும் இடையே சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனால் ஜனூபா அங்கிருந்து வந்து பதினாறு வருடமாகிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம்கள் அத்தனை பேரும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொன்னது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. சோதனைச் சாவடியில் காதில் கிடந்த தோட்டையும் கழற்றி வாங்கினார்கள்.

இதையெல்லாம் அவள் கமலநாயகியிடம் பேசியதில்லை. இருவரும் சேர்ந்து கிழவர்களைக் குளிப்பாட்டினார்கள், சோறும் கறியும் மாற்றிச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு ஆசிரியை ஸுமையாவிடம், நீங்கள் தமிழோ முஸ்லிமோ என்று கேட்டபோது, இரண்டும்தான் என்று சண்டை பிடித்தவள் கமலநாயகிதான். துருக்கிப் பள்ளிவாசலில் பெண்கள் ஜனூபாவை இந்து மதத்திலிருந்து மாறியவள் என்று நினைத்து அன்பாய்த் தொழுகை சொல்லிக்கொடுக்க வந்த கதையைக் கேட்டுக் கமலநாயகி கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள்.

கமலநாயகியின் குடியுரிமை நேர்காணல் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. ஒன்றுமில்லை, பயப்படாதே என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஜனூபா உள்ளே போனபோது அதிகாரி அவள் தலை முக்காட்டையும் பெயரையும் பார்த்தார். அந்த வருடம் அந்த மாநிலத்தில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. முஸ்லிம்களாய் இருப்பவர்களிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும். அவர் கெட்ட மனிதரில்லை. கேட்கும்போது அவருக்கே முகம் சிவந்தது. கணவர் அடிப்பாரா? மகள் நீச்சல் வகுப்புக்குப் போகலாமா? ஆண் வைத்தியர் தொட்டால் சம்மதமா? தினமும் ஏழெட்டு ஆண்களைக் குளிப்பாட்டுகிறேன் என்று அவள் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் கேட்டார். உங்களுக்குத் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டார், உறவினர் ஏதாவது வன்முறைக்குத் திட்டமிடுவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

ஜனூபா தெரிந்த ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள். எங்களை ஊரைவிட்டு விரட்டுவதற்கு முன்னால் யாருக்காவது தெரிந்திருக்கும். யாரும் வந்து எங்களிடம் சொல்லவில்லை. பல வருடம் அவர்கள்மேல் கோபமாய் இருந்தேன். இப்போது யோசித்தால் பயந்திருப்பார்கள் என்று படுகிறது. நான் சொல்லத்தான் விரும்புவேன். ஆனால் பயம் என்னை விடுமா என்று எனக்குத் தெரியாது.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அப்படியானால் அறிவிக்க மாட்டீர்களா என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை என்றாள். அவர் எதையோ குறித்துக்கொண்டு, இலையுதிர்காலத்தில் மறுபடி அழைப்போம் என்றார்.

வீட்டில் கணவன் மஹ்ரூப் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஓம் எண்டு ஒரு சொல் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே. உம்மா அங்க கிடக்கிறா, நீ இங்க நியாயம் கதைச்சுக்கொண்டிருக்கிறாய்.”

மறுநாள் துணி அறையில் கமலநாயகியோடு படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். கமலநாயகி உச்சுக்கொட்டினாள். பிறகு ஆறுதல் சொல்வதாய் நினைத்துக்கொண்டு சொன்னாள்: “அவங்கள் கேக்கிறதிலயும் பிழை சொல்லேலாது பிள்ளை. உங்கட ஆக்கள் உலகமெல்லாம் செய்யிற வேலையைப் பாத்தால் பயப்பிடத்தானே செய்வினம்.”

ஜனூபா கையிலிருந்த விரிப்பை அலமாரியில் வைத்தாள்.

“கமலாக்கா, எங்களைக் கலைச்ச அண்டைக்கு நீங்கள் கொக்குவில்லதானே இருந்தனீங்கள். உங்களுக்கு முதலே தெரியுமோ?”

கமலநாயகியின் முகம் வெளிறியது. அவள் விரிப்பின் ஓரத்தை நீவினாள்.

“சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வந்து சொல்லியிருப்பனோ தெரியேல்லை.” குரல் இறங்கிவிட்டது. “அடுத்த நாள் சனம் சோனகத் தெரு பாக்கப் போச்சுது. நானும் போனன். எல்லா வீடும் திறந்து கிடந்தது. ஒரு வீட்டில அடுப்பில சோறு அப்பிடியே இருந்தது. வீட்டுக்கு வந்து நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகும் கதைக்கேல்லை.”

அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. கமலநாயகி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். மதியத்தில் ஜனூபா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பசியில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

கோடையில் கமலநாயகிக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. கொழும்பில் தமக்கை மகளுக்குக் கலியாணம். புறப்படுவதற்கு முந்தின வாரம் அவள் ஜனூபாவின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, உன் உம்மா இருக்கிற முகாமின் பெயர் என்ன என்று கேட்டாள். ஜனூபா சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு பகலில் தம்பி கூப்பிட்டான். உம்மாவின் காதில் போனை வைத்தான்.

“மகள், கொக்குவில் பிள்ளை ஒண்டு வந்திருக்கு,” என்றாள் தாய். மூச்சு வாங்கியது. “என்ர தலையை வாரிப் பின்னிவிட்டது. தலை நோகாமல் பின்னினது.”

ஜனூபா அழுகையை அடக்கிக்கொண்டு, நானும் வருவேன் உம்மா, பேப்பர் வரட்டும் என்றாள். வா மகள் என்றாள் தாய். அதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை தாய் மௌத்தானாள். அன்று மாலையே அடக்கிவிட்டார்கள். முகாமுக்குப் பின்னால் உப்புக்காற்று அடிக்கும் மணல் நிலம். கபுருக்கு மண் தள்ளும் சத்தத்தைத் தம்பி போனில் கேட்கவைத்தான். ஜனூபா முதியோர் இல்லத்தின் சமையலறைப் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

கார்த்திகையில் மறுபடி அழைத்தார்கள். அதே அதிகாரி, அதே கேள்வி. இந்த முறை அவள், ஆம், உடனே அறிவிப்பேன் என்றாள். அவர் நிம்மதியோடு தலையாட்டினார். சொன்னது பொய்யா உண்மையா என்று அவளுக்கே விளங்கவில்லை. சொல்லும்போது எந்தப் பயமும் இருக்கவில்லை. இனி இழக்க என்ன இருக்கிறது என்பது போலிருந்தது.

அடுத்த வருடம் மாசி மாதம் குடியுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். கை குலுக்கி, இனி இது உங்கள் நாடு என்று வாழ்த்தினார்கள். மஹ்ரூப்புக்கு வேலை இருந்ததால் கூட வந்தவள் கமலநாயகிதான். வெளியே டிராம் தரிப்பிடத்தில் பனி படிந்திருந்த பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கமலநாயகி வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஜனூபாவின் குளிர்ந்த கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அக்கா,” என்றாள் ஜனூபா. “உம்மாவிட்ட போனதை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

பலமுறை சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் கமலநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து ஆரம்பித்தாள். தகரக் கதவு, வாசலில் காய்ந்த மீன், உம்மா உடுத்தியிருந்த ஊதாப்பூச் சேலை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்கவென்று வந்த முதல் ஆள் நீதான் என்று உம்மா சொன்னதை அவள் எப்போதும்போல் மெல்லிய குரலில் சொன்னாள். டிராம் வந்து கதவு திறந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.