ரத்தினபாய் கேட்டில் நிற்கிறாள்

“ஷ்யாம்சுந்தர்... ஆர்டர்?” என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டும் தலையுமாக உள்ளே வந்தவன், ஹால் நடுவே தரையில் கிடத்தியிருந்த பட்டுவின் உடலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே, இன்னொன்று வெளியே. மகள் ப்ரியா அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். “ஸாரி மேடம்” என்று முணுமுணுத்துவிட்டு அவன் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினான். அவன்மேல் குற்றமில்லை. சாவு வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறோம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

சடங்கு செய்ய வந்திருந்த வாத்தியார் பையைப் பிரித்துப் பாக்கெட்டை வெளியே எடுத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“என்னப்பா இது, புழுங்கலரிசியா இருக்கே. வாய்க்கரிசிக்குப் பச்சரிசின்னா கேட்டேன்?”

ப்ரியாவின் அண்ணன் ஷ்யாம்சுந்தர் ஈர வேட்டியோடு போனைத் தடவினான். “பச்சரிசிதான் மாமா போட்டேன். ஸ்டாக் இல்லைன்னு அவாளே மாத்தி அனுப்பியிருக்கா. சப்ஸ்டிட்யூட்னு போட்டிருக்கு.”

“அம்மா வாயில போடற அரிசிக்குக்கூட சப்ஸ்டிட்யூட்டா?” என்றாள் ப்ரியா.

“கத்தாதடி. வேற கடையில போட்டாச்சு. இதோ வந்துடும்.”

வந்துடும், வந்துடும்! ப்ரியா பாக்கெட்டை முறைத்துப் பார்த்தாள். விடியற்காலையில் அப்பா போன் பண்ணி, “அம்மா எழுந்துக்கலைடி” என்று சொன்னதிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை. சேலையூரிலிருந்து முடிச்சூர் வரை ஆட்டோவில் வந்தபோதும் வரவில்லை. இப்போது வருவதும் அழுகையல்ல, கோபம். அம்மா உயிரோடு இருந்தால் அந்தப் பாக்கெட்டை வாசலைத் தாண்ட விட்டிருப்பாளா? “மூஞ்சியை மூடிண்டு வர அரிசியை மோந்து பார்க்க முடியுமோடி?” என்று கேட்பவள் அவள். அரிசி என்றால் மூட்டைக்குள் கைவிட்டு அள்ள வேண்டும். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பழசா புதுசா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவள் போனது ஒரே கடைக்குத்தான்.

அடுத்த தெரு முனையில் இருந்தது ஐசக் ஸ்டோர்ஸ். ஐசக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தராசும் மூட்டைகளும் அவர் மனைவி ரத்தினபாயின் ராஜ்ஜியம். பட்டுவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு ரத்தினபாய் கடைக்குள் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற அந்தப் பெண்மணி, “மாமி, நாளைக்கு அமாவாசை, எள்ளு வாங்காமப் போறீங்களே!” என்று தெருவில் பாதி தூரம் போன பட்டுவைக் கூப்பிட்டு நிறுத்துவாள். இருபது வருஷமாக இந்தக் குடும்பத்துத் தர்ப்பணத்துக்கு எள் அங்கிருந்துதான் வந்தது.

இந்த அடுக்குமாடிக்கு வந்தபிறகு அதற்கும் வந்தது வினை. ஜிஎஸ்டி ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். அவர்கள் இங்கே கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டால் போட்டார்கள், பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சத்யநாராயணன் ஒரு விதி கொண்டுவந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் உள்ளே வரக்கூடாதாம், பாதுகாப்புக்கு ஆபத்தாம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் போனில் அனுமதி கொடுத்தால்தான் விடுவார்களாம். அதுவும் சர்வீஸ் லிப்டில்தான். பொதுக்குழுவில் பட்டு ஒருத்திதான் எழுந்து நின்றாள். “வெள்ளம் வந்தப்போ கடை மொட்டை மாடியில இருந்து கயிறு கட்டிப் பால் பவுடர் இறக்கினவா ஆபத்தா? பேர் தெரியாம பைக்ல வரவன் ஆபத்து இல்லையா?” என்று கேட்டாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். விதி நிறைவேறியது. அன்றிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் பை தொங்க, அதுவரை கடையிலிருந்து கொண்டுவந்து போட்டதையெல்லாம் அவளே நடந்துபோய்ச் சுமந்து வந்தாள். மெனக்கெட்டு கேட் வழியாக, செயலாளர் வாக்கிங் போகிற நேரமாகப் பார்த்து!

சமையலறையில் ஏதோ அதிர்ந்துகொண்டே இருந்தது. ப்ரியா போய்ப் பார்த்தாள். மிக்ஸிக்குப் பக்கத்தில் அம்மாவின் போன். காலையில் யாரோ சத்தத்தை நிறுத்தி அங்கே வைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு வரி மின்னியது.

‘ரத்தினபாய். வெண்டர். கேட்டில் காத்திருக்கிறார். அனுமதிக்கலாமா?’

அதற்குக் கீழே அதே கேள்வி இன்னும் சிலமுறை. பதில் வராததால் எல்லாம் தானாகவே நிராகரிக்கப்பட்டிருந்தன.

ப்ரியா பால்கனிக்கு ஓடினாள். கீழே கேட்டுக்கு வெளியே, காவலாளியின் அறை ஓரமாக, வெள்ளைப் புடவையில் ரத்தினபாய் நின்றிருந்தாள். வெயில் நேராக அவள் தலைமேல் இருந்தது. அவளைத் தாண்டி ஒரு கார் உள்ளே வந்தது. ஷ்யாமின் மாமனார் வீட்டுக் கார். அதை யாரும் நிறுத்தவில்லை.

ப்ரியா செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கிப் போனாள்.

“நான் இன்னா மேடம் பண்றது?” காவலாளி அவள் முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டான். “நாலு வாட்டி ரெக்வெஸ்ட் போட்டுட்டேன். வூட்லேர்ந்து ஓகேவே வரல. வெண்டர் லிஸ்ட்ல கீறாங்க. இட்டுனு போய் வுட்டா என் வேலை பூடும்.”

“எந்த நம்பருக்குப் போட்டீங்க?”

“வூட்டு நம்பருக்குத்தான் மேடம்.”

“அது எங்கம்மா நம்பர்! அவங்கதான் மேல செத்துக் கிடக்காங்க. அவங்க எழுந்து வந்து பட்டனை அமுக்கணுமா?”

காவலாளிதான் என்ன செய்வான், பாவம். ரத்தினபாய்தான் குறுக்கே வந்தாள்.

“விடுங்க பாப்பா. அவரைக் கடையில உக்கார வச்சிட்டு ஓடியாந்தேன். நான் இங்கயே நின்னுக்கறேன். வண்டி இந்த வழியாத்தானே வரும்? ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

அமரர் ஊர்தி நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்த சத்யநாராயணன் சத்தம் கேட்டு வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முகத்தில் அளவாகத் துக்கம்.

“அம்மா, எமோஷனல் ஆகாதீங்க. இன்னிக்கு நாங்க எல்லாருமே அப்செட்தான். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கில்ல? உங்க மதருக்கே அது தெரியும்.”

“நல்லாவே தெரியும் சார். தெரிஞ்சுதானே உங்ககூட சண்டை போட்டாங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பைக் வந்தது. பின்னால் பெரிய பெட்டி. தடுப்புக் கம்பி தானாகவே எழும்பியது. பைக்காரன் தலையைக்கூடத் திருப்பாமல் உள்ளே போய்விட்டான்.

“இவனை யாரு சார் விட்டது?” என்றாள் ப்ரியா.

“அது ஆட்டோ அப்ரூவல்மா. அந்தக் கம்பெனியோட டை-அப் இருக்கு.”

“பேஷ்! யாருன்னே தெரியாத ஆளு ஹெல்மெட்டோட எங்கம்மா கால்மாட்டுல வந்து நின்னுட்டுப் போறான். கார்ல வந்தவங்களை யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எங்க வீட்டு உலையில கொதிக்கற அரிசியை இருபது வருஷமாக் குடுத்தவங்க வெயில்ல நிக்கறாங்க. உங்க செக்யூரிட்டி ரொம்ப நல்லா இருக்கு சார். வாயில நல்லா வருது எனக்கு!”

இரண்டு மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. சத்யநாராயணனுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

“ஓகே, ஓகே. ஸ்பெஷல் கேஸ். கூட்டிட்டுப் போங்க. சர்வீஸ் லிப்ட்ல போயிடுங்க, ப்ளீஸ்.”

ப்ரியா அவரையே பார்த்தாள். “எங்கம்மாவை எதுல இறக்கணும்னு காலையில அண்ணன்கிட்ட சொன்னீங்க?”

செயலாளர் தரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க சார்.”

“ரெசிடென்ட்ஸ் சென்டிமென்ட் பாக்கறாங்கம்மா... சர்வீஸ் லிப்ட்தான்.”

“அப்ப சரி” என்று சொல்லி ப்ரியா ரத்தினபாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

லிப்டில் குப்பை டிரம்மின் நாற்றம் இன்னும் இருந்தது. சுவரெல்லாம் கீறல். ரத்தினபாய் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. நாலு பக்கமும் மெல்லப் பார்த்தாள்.

“இதுலயா பாப்பா மாமியை இறக்குவாங்க?”

லிப்ட் முனகிக்கொண்டே ஏறியது.

மேலே இரண்டாவது பை வந்து சேர்ந்திருந்தது. வாத்தியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஷ்யாம் அவர் எதிரே அசடு வழிய நின்றிருந்தான். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, ‘பச்சரிசி மாவு’ என்று.

“அவசரத்துல கவனிக்கலை மாமா. இன்னும் ஒண்ணு போட்டுடறேன்.”

“போதும்டா அப்பா” என்றார் வாத்தியார். “மயானத்துல நமக்காகக் காத்துண்டிருக்க மாட்டா. ஒண்ணு கேக்கறேன். இந்த ஆத்துல அரிசியே கிடையாதா?”

எம்.பி.ஏ. படித்த ஷ்யாம், அவன் மனைவி, காரில் வந்த மாமனார், மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை என்று ஹால் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள்தான்.

ப்ரியா சமையலறைக்குள் போனாள். மேடைக்கு அடியில் அம்மாவின் பெரிய எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியைத் தூக்கினாள். கழுத்துவரை பச்சரிசி. மேலே வசம்புத் துண்டு ஒன்றும், அளக்கிற ஆழாக்கும். போனைப் பார்க்கத் தெரிந்தது, தலையைக் குனிந்து இதைப் பார்க்க ஒருத்தருக்குத் தோன்றவில்லையே! வெட்கக்கேடு. தனக்கும்தான் தோன்றவில்லை என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஆழாக்கு நிறைய அள்ளித் தட்டில் கொட்டிக்கொண்டு வந்து வாத்தியார் முன்னால் வைத்தாள்.

“இதைத்தானேம்மா நான் கேட்டேன்?” என்றார் அவர். “கடைக்கு யார் போகச் சொன்னா?”

ரத்தினபாய் வாசற்பக்கமே நின்றிருந்தாள். அங்கிருந்தே பட்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கழுத்துவரை புதுப்புடவை. ரத்தினபாயின் உதடு மட்டும் அசைந்தது. ஜெபமாக இருக்கலாம்.

ஷ்யாம் போட்டான். ப்ரியா போட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வலம் வந்து, விரல் நுனியால் அரிசியை எடுத்துப் பட்டுவின் வாயருகே போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஷ்யாமின் மாமனார் போடும்போது போன் அடித்தது. அவர் இடது கையால் அதை அணைத்தார்.

“இன்னும் யாராவது உண்டா?” என்று வாத்தியார் கேட்டார்.

“அக்கா, வாங்கோ” என்று ப்ரியா வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

ரத்தினபாய் திடுக்கிட்டாள். “நானா? வேண்டாம் பாப்பா. நான் பார்த்துட்டேன். போதும்.”

“வாங்கோக்கா.”

மூலையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. தாழ்ந்த குரல்தான், ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது. “என்னடி இது கூத்து? பந்துக்கள் போடறது இது. அவா வேதக்காரா வேற, சர்ச்சுக்குப் போறவா. நாலு பேர் என்ன சொல்லுவா?”

ஷ்யாம் ப்ரியாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான், இப்போது வேண்டாம் என்று. வாத்தியார் தர்ப்பையைச் சரிசெய்தார். ரத்தினபாய் ஒரு அடி பின்னால் போனாள். கேட்டில் நிறுத்தினார்கள் என்று ப்ரியா கத்தினாளே, இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு கேட்! அவள் பேச வாயெடுத்தபோது அப்பாவின் குரல் கேட்டது.

ஸ்ரீநிவாசராகவன் விடியற்காலையில் போன் பண்ணியதோடு சரி, பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. யார் வந்து கையைப் பிடித்தாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, பட்டுவின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இந்த அரிசியை இந்த ஆத்துக்குக் குடுத்தது அவாதான்” என்றார். தங்கையைப் பார்க்காமலே சொன்னார். “நீ நேத்து வரைக்கும் இங்க வந்து சாப்பிட்டுப் போனயே, அதுவும் இதுதான். அவா போடாம பட்டுவை எடுக்கப்படாது. நான் விடமாட்டேன்.”

அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் தட்டைக் கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

ரத்தினபாய் வந்தாள். முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டுவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களைப்போல விரல் நுனியால் எடுக்கவில்லை. உள்ளங்கை நிறைய அள்ளினாள். கீழே ஊர்தியின் ஓட்டுநர் ஹாரன் அடித்தான். ஷ்யாம் வாசலைப் பார்த்தான். அவள் அவசரப்படவில்லை.

கட்டைவிரலால் அரிசியை ஒரு தரம் பரப்பிப் பார்த்தாள். உமி நீங்காத ஒரு நெல் இருந்தது. அதைக் கிள்ளி எடுத்துத் தன் முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். பிறகுதான் குனிந்து பட்டுவின் வாயில் போட்டாள்.