வலையை அசைக்காதே

என் மனைவி ஆர்டிஸ் இறந்து இரண்டு கோடைகள் ஆகிவிட்டன. அவளுடைய படகு இன்னும் எங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது. அவளுடைய அக்கா மகன் டுவேனிடம் போயிருக்க வேண்டிய படகு அது. அது போகாமல் நின்ற கதையை எழுதி வைக்கிறேன். அது முடிவான அன்றைக்கு ஆற்றில் அவளோடு இருந்தவன் நான் ஒருவன்தான்.

முப்பது வருஷம் நான் மிசிசிப்பி ஆற்று அணையில் மதகு வேலை பார்த்தவன். மேலாற்றிலிருந்து வரும் படகுகளைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை வடித்து, கீழாற்றுக்கு இறக்கி அனுப்புவது என் வேலை. மீன் பிடிப்பது அவள். நான் அவளோடு படகில் போவதே அபூர்வம். ஆனால் தினமும் காலையில் மதகுக்கு அவளிடமிருந்து போன் வந்துவிடும்.

"அடுத்த பார்ஜ் எத்தனை மணிக்கு?"

பார்ஜ் என்பது தட்டையான பெரிய சரக்குத் தோணி. ஒரே ஒரு படகு பதினைந்து பார்ஜ்களைச் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும்போது, கரையோரத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுத் திரும்பி வந்து அடிக்கும். ஆற்றுக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கல்வரப்புகளில் ஒண்டியிருக்கும் குஞ்சு மீன்கள் நிலைகுலைந்து சிதறும். அடுத்த பத்து நிமிஷம் பெரிய மீன்களுக்கு விருந்து. பார்ஜ் வருகிறது என்றால் மற்றவர்கள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆர்டிஸ் கயிற்றை இன்னும் பத்தடி விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் ஆற்றில் வால்ஐ மீன்தான் ராஜா. பளிங்கு போல வெளிறிய கண். அது தூண்டிலை வெடுக்கென்று இழுக்காது. கொடியில் ஈரத்துணியைப் போட்டதுபோல தூண்டில் நரம்பு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். எனக்கு அது கல்லா மீனா என்று கடைசிவரை தெரிந்ததில்லை. அவள் வலது கை ஆள்காட்டி விரலில் நரம்பைச் சார்த்திக்கொண்டு, என்னோடு வம்பு பேசிக்கொண்டே, "வந்துட்டான்" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அந்த விரல்தான் ஒரு மார்ச் மாதம் போனது. பக்கவாதம். பேச்சும் காலும் திரும்பி வந்தன; வலது கை வரவில்லை. அந்த ஜூலையில் டுவேன் வந்து சமையல் மேஜையில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சித்தி, ஒத்தக் கையோட நீங்க. நீச்சல் தெரியாத சித்தப்பா. ரெண்டு பேரும் ஆத்துல இருந்தா எனக்குத் தூக்கம் வராது. படகை நான் வச்சுக்கறேன். எப்ப வேணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்."

நல்ல பையன். அவன் சொன்னதில் பிழையே இல்லை. ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சனிக்கிழமை டிரெய்லரைக் கொண்டு வா. அதுக்கு முன்னால நான் ஒரு தடவை போறேன். ஒரு வால்ஐ, என் கையால படகுக்குள்ள வந்தா படகு இங்கேயே இருக்கும். வரலைன்னா நீயே கொக்கியை மாட்டி இழுத்துட்டுப் போ."

"பாஸ் மீன் கணக்குல சேருமா?" என்று கேட்டேன்.

"பாஸை நீகூடப் பிடிப்ப."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். முந்தின நாள் மாலை ஆற்று ஈசல் கிளம்பியிருந்தது. செத்த பூச்சிகள் படகுத்துறைச் சறுக்கலில் விரலளவு தடிமனுக்குக் கிடந்தன. காலால் தள்ளி வழி செய்துகொண்டேன். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. தீவுக்கு எதிரே தண்ணீர் ஒரு கோடாகச் சுருங்கி ஓடுகிற இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டினாள். கல்வரப்புக்கு மேல்பக்கமாக நங்கூரத்தைப் போட்டேன்.

தூண்டில் கோலின் அடியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டாள். உயிரில்லாத முன்கை அதற்கு முட்டுக் கட்டை மாதிரி. இடது கைதான் எல்லாம் செய்தது: ரீலைச் சுற்றியது, நரம்பை உணர்ந்தது. மண்புழுவை மட்டும் நான் கோர்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் தொங்க விடு. கோட்டுப் பொத்தான் தைக்கிற மாதிரி இறுக்காதே" என்று திட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு பாஸ். ஆளுயரத்துக்குத் துள்ளியது. அதன் வாயில் கிழிக்கிற பல் கிடையாது. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கி, முள்ளைக் கழற்றி விட்டுவிட்டாள். வால்ஐக்கு அப்படிக் கையை விட முடியாது, பல் கிழித்துவிடும். அதற்குக் கைவலை வேண்டும். ஐம்பது வருஷமாக ஒரு கையில் கோலும் மறு கையில் வலையுமாகத் தானே அள்ளியவள். இப்போது வலை என் கையில்.

ஒன்பதரைக்கு, "வந்துட்டான்" என்றாள். இடது விரலுக்கும் தெரிந்திருக்கிறது! அவள் அவசரப்படவில்லை. மீன் அடியில் தலையை ஆட்டும்போது நிறுத்தினாள், தளரும்போது சுற்றினாள். பொன்னிறமான முதுகு மேலே தெரிந்தது. இரண்டடிக்குக் குறையாது. நான் எழுந்து, குழம்புச் சட்டியிலிருந்து துண்டை அள்ளுவதுபோல, வலையை அதன் வால் பக்கமாகக் குத்தினேன். வலை விளிம்பு நரம்பில் பட்டது. மீன் ஒரு திருகு திருகியது. முள் மட்டும் காற்றில் ஆடியது.

அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்பு. அது கணக்குல சேராது" என்றேன்.

"படகுக்குள்ள வரணும்னுதான் சொன்னேன். வரலை."

"ஆர்டிஸ்..."

"நங்கூரத்தைத் தூக்கு வெர்லின். அக்குள் வலிக்குது."

கயிற்றில் கை வைத்தேன். அப்போது அணைப் பக்கமிருந்து ஒரு குறுகிய ஊதல் கேட்டது. நாங்கள் கிளம்பும்போது நீளமாக ஊதியதையும் கேட்டிருந்தேன். நீளமாக ஊதினால் தொட்டிக்குள் வருகிறது. குறுக்கி ஊதினால் வெளியே போகிறது. முப்பது வருஷம் கேட்ட காது. பதினைந்து பார்ஜ் தொட்டியில் ஒரே தடவையில் அடங்காது. இரண்டாகப் பிரித்து இறக்கி, மறுபடி கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து இப்போதுதான் கிளம்புகிறது.

"அரை மணி நேரம்" என்றேன்.

"என்ன அரை மணி?"

"அடுத்த பார்ஜ். நீ கேட்கலை. நானே சொல்றேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கோலை மடியில் வைத்துவிட்டு, "சாண்ட்விச் எடு" என்றாள்.

இருபத்தெட்டாவது நிமிஷத்தில் வளைவில் முதல் பார்ஜின் மூக்கு தெரிந்தது. கயிற்றைப் பத்தடி விட்டேன். வீடு வீடாகத் தெருவே நகர்ந்து போவதுபோல அது எங்களைக் கடந்தது. தண்ணீர் வரப்பை விட்டு இறங்கியது. கருங்கற்கள் முதுகைக் காட்டின. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு ஆறு திரும்பி வந்தது. படகு எழும்பி விழுந்தது. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தக் கலக்கத்துக்குள்ளேயே தூண்டிலை இறக்கிவிட்டாள்.

"வந்துட்டான்."

எனக்கு வலையைத் தொடவே பயம்.

"வலையைத் தண்ணிக்குள்ள இறக்கு. முழுசா. ம். இனிமே அதை அசைக்காதே. மூச்சுகூட விடாதே."

"மீன் அந்தப் பக்கம் இருக்கே?"

"அது என் கவலை. நீ மரம் மாதிரி இரு."

இருந்தேன். வெயில் கழுத்தைச் சுட்டது, கை கடுத்தது. மீன் இரண்டு தடவை படகுக்கு அடியில் ஓடியது. அவள் உடம்பையே கோலாக்கி, இடுப்பைத் திருப்பித் திருப்பி அதைச் சுற்றி வரவைத்தாள். கடைசியில் கோலின் நுனியை மெல்லப் பின்னால் சாய்த்தாள். பளிங்குக் கண்ணும் திறந்த வாயுமாக, தலை முன்னே வர, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல மீன் வலைக்குள் தானே நுழைந்தது.

"இப்பத் தூக்கு" என்றாள்.

தூக்கினேன். முதலில் தவறியதைவிடச் சின்னதுதான். படகின் அடியில் அது வாலை அடித்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து இடது உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தாள். முகத்தைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்பதுபோல அப்படியே குனிந்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் டுவேன் டிரெய்லரோடு வந்தான். அவள் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மீனை அவன் தட்டில் வைத்தாள். அவன் மீனையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"நெசமாவா சித்தி? சித்தப்பா எதுவும் பண்ணலையா?"

"அவரா? எதுவுமே பண்ணலை" என்றாள். "பண்ணாம இருக்கறதை ரொம்ப நல்லாப் பண்ணினார். எலுமிச்சம்பழம் வேணுமா?"

அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். சாயங்காலம் அந்தக் காலி டிரெய்லர் கடகடவென்று மேட்டுப்பாதையில் ஏறிப் போகிற சத்தம் நின்ற பிறகு, அவள் கொட்டகைக்குப் போய் நங்கூரக் கயிற்றை ஒரு கையால் சுற்றி வைத்தாள்.