குழாய்க்காரரைத் துடைத்தெடுத்த படம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. பல் வைத்தியரின் முன்னறையில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் செய்த முப்பரிமாணப் படம் இருட்டாகவும் புள்ளிபுள்ளியாகவும் வந்தால் எப்படிச் சரிசெய்வது என்று அதில் ஒருவன் ஓயாமல் கத்தினான். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கேட்கலாம் என்ற எண்ணமே அந்த மனிதருக்கு இல்லை. எனக்கோ கடைவாய்ப் பல் தெறித்துக்கொண்டிருந்தது. இரண்டு எரிச்சலும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. கதைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: "இருளும் ஒளியும் மனித மனத்தின் இரு..."

போதும். இது எங்கே போய் முட்டும் என்று உங்களுக்கும் தெரியும். இந்தக் கதையில் இருட்டு என்றால் வெறும் இருட்டு. வெளிச்சம் என்றால் ஒரு பெண்ணின் பட்டப்பெயர்.

2.

முதலில் அவள் பெண்ணாக இல்லை. தாடி வைத்த ஓர் இளைஞனை உட்கார்த்தி வைத்திருந்தேன். அவன் கோபம் வந்தால் காபி குடித்தான், துக்கம் வந்தால் காபி குடித்தான், வேறொன்றும் செய்யவில்லை. விரட்டிவிட்டேன். காலியான நாற்காலியில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டே அறையில் நடக்கும் ஆபீசில் வேலை. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படம் செய்து தருவது அந்த ஆபீசின் தொழில். படத்துக்குள் விளக்கு வைப்பது, வெயில் விழவைப்பது, நிழலைச் சரிபார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. "ஹால் இருட்டா வந்திருக்கா? வெளிச்சத்தக் கூப்பிடு" என்பார்கள். அப்படியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய முதலாளியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எந்த அறைக்கும் நான்கு சன்னல் வழியாகவும் வெயில் வரவேண்டும் என்று கேட்கிற ஆள். பூமிக்கு ஒரு சூரியன்தான் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

3.

வெளிச்சத்தின் அண்ணன் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறவன். மழை பெய்த ஒரு சாயங்காலம், மருந்துக்கடைத் திருப்பத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு குழாய்க்காரர் மேல் வேனை ஏற்றிவிட்டான். சைக்கிளில் கட்டியிருந்த குழாய்கள் திசைக்கொன்றாகச் சிதறின. அவருடைய இடுப்பெலும்பு உடைந்தது. உடைந்த எலும்பு கூடிவிட்டது, ஆனால் தொட்டிக்கு அடியில் குனிந்து ஒரு திருகை முறுக்க இனி அவரால் ஆகாது. குனியாத குழாய்க்காரரை யார் கூப்பிடுவார்கள்?

[என் முதல் பிரதியில் அவரைக் கொன்றிருந்தேன். செத்தவர் கதைக்கு வசதியானவர், எதிர்த்துப் பேச மாட்டார். அந்த வசதி எனக்கே அருவருப்பாக இருந்ததால் பிழைக்கவைத்தேன். நன்றி சொல்ல வேண்டாம்.]

"நான் பாக்கல பாப்பா. சத்தியமாப் பாக்கல" என்றான் அண்ணன். சட்டை முழுக்க மழை. அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்து பொய் சொல்லும்போதெல்லாம் அவன் மூக்கைச் சொறிவான். அன்றைக்குச் சொறியவில்லை.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. பேக்கரியின் வக்கீல் மெத்தைக் கடை மாடிப்படி ஏறி வந்தார்.

"டிரைவர் சீட்ல உக்காந்து பாத்தா ரோடு எப்படி இருந்திருக்கும்னு கோர்ட்ல காட்ட ஒரு படம் வேணும்மா."

"அவரு என் கூடப்பொறந்தவரு சார். நான் செய்யலாமா?"

"அதனாலதான உங்ககிட்ட வந்திருக்கேன்! வெளியாளுக்கு இந்த அக்கறை வருமா?"

[கூடாது என்று சட்டம் படித்தவர்கள் எனக்கு எழுத வேண்டாம். கூடாதுதான். வக்கீலுக்கும் அது தெரியும். ஆகவேதான் படத்தை முதலாளியே செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். செய்யாத வேலைக்குப் பெயர் கொடுப்பதில் முதலாளிக்கு எப்போதும் தடையிருந்ததில்லை.]

4.

அவள் திருப்பத்துக்குப் போய்ச் சுவர்களை அளந்தாள். போலீஸ் குறித்துவைத்த தூரங்களை வாங்கிக்கொண்டாள். தெருவிளக்கு அன்றைக்கு எரியவில்லை. மருந்துக்கடையின் வெள்ளை விளக்குப் பலகை மட்டும் எரிந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்டினாள். ஈரத் தார் ரோடு, எதிர்ச்சுவர், சைக்கிள், குழாய், கறுப்புச் சட்டை போட்ட மனிதர்.

முதல் படம் இருட்டாக வந்தது. அதன்மேல் முழுக்கப் புள்ளி. குழாய்க்காரர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் கொஞ்சம் அடர்த்தியாகக் குவிந்திருந்தன, அவ்வளவுதான்.

"என்னம்மா இது, மண்ணை வாரி எறைச்ச மாதிரி?" என்றார் வக்கீல்.

"வெளிச்சம் கம்மியான எடத்துல கம்ப்யூட்டர் அவசர அவசரமாக் கணக்குப் போட்டா இப்படித்தான் சார் வரும். நேரம் குடுத்தா சுத்தமாயிடும்."

"நேரம் எதுக்கு? டீநாய்ஸ் போட்டா முடிஞ்சது" என்று முதலாளி எட்டி மவுசைப் பிடுங்கினார்.

டீநாய்ஸ் என்பது புள்ளிகளைத் துடைக்கிற வசதி. அது எதையும் கணக்குப் போடுவதில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்து, இங்கே இதுதான் இருந்திருக்கும் என்று யூகித்துப் பூசிவிடும். விமர்சகர்கள் சிலர் புத்தகம் படிக்கிற முறை. முதலாளி அமுக்கினார். மண் எல்லாம் மறைந்தது. கழுவிவிட்டதுபோல் ரோடு மினுங்கியது. கூடவே சைக்கிளும் குழாயும் மனிதரும் போய்விட்டார்கள். அவரையும் அழுக்கு என்று நினைத்து அது துடைத்தெடுத்துவிட்டது.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "அருமை! ஆளே தெரியல பாருங்க. இதத்தான நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்!"

"தெரியாம இல்ல சார். அவரை அழிச்சிடுச்சு."

"எதுவோ ஒண்ணு. படம் பளிச்சுனு இருக்குல்ல?"

5.

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். நியாய உணர்வு உறங்கவிடவில்லை என்று எழுத என் கை துறுதுறுத்தது. பொய். அடுத்தவர் துலக்கிவைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி துலக்குகிற ரகம் அவள். அரைகுறைப் படம் அவளுக்குக் குமட்டும். அதோடு, அண்ணன் கண்ணுக்கு ஆள் தெரிந்திருக்க வழியில்லை என்பதை ஏமாற்றாமலே காட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது.

கோளாறு அவளுடைய கையிலேயே இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று, வெளிச்சம் ஒரு பொருளில் ஒருமுறை பட்டதும் நின்றுவிடும்படி அவள்தான் வைத்திருந்தாள். நிஜத்தில் வெளிச்சம் அப்படி நிற்பதில்லை. ஈர ரோட்டில் பட்டு எழும்பும், சுவரில் ஏறும், திரும்பி வரும். அதைத் தடுத்தால் இருட்டுத்தான் மிஞ்சும். தடையை எடுத்துவிட்டு, விடுமுறை நாள் முழுவதும் கம்ப்யூட்டரைக் கணக்குப் போடவிட்டாள்.

புள்ளி ஒன்றுகூட இல்லாமல் படம் வந்தது. பலகையின் வெள்ளை வெளிச்சம் ரோட்டில் விழுந்து எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. வெளிறிய அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு கறுத்த மனிதர், சைக்கிள், நீளமான குழாய்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஒருவேளை கம்ப்யூட்டர் தப்பாக இருக்கலாம். அடுத்த மழைச் சாயங்காலம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு திருப்பத்துக்குப் போனாள். இன்னும் யாரும் அந்தத் தெருவிளக்கைச் சரிசெய்திருக்கவில்லை. வேன் வந்த பக்கம் அவனை நிறுத்திவிட்டு, கறுப்பு மழைக்கோட்டோடு சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"தெரியுதா?" என்று கத்தினாள்.

அவன் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான். அவள் திரும்பி நடந்து வந்தாள்.

"நீ நிக்கிறன்னு தெரிஞ்சு பாத்தா... தெரியுது" என்றான்.

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு வேனுக்குள்ள பின்னாடி ரொட்டித் தட்டு சரிஞ்சுது. என்னன்னு திரும்பினேன். அந்தப் பக்கம் நான் பாக்கவே இல்ல பாப்பா. மொதல்லயே சொன்னேனே, பாக்கலன்னு."

நம் மொழியின் அயோக்கியத்தனத்தைப் பாருங்கள். கண்ணில் படவில்லை என்பதற்கும் கண்ணைத் திருப்பவில்லை என்பதற்கும் ஒரே சொல். அவன் மூக்கைச் சொறிந்திருக்கத் தேவையே இல்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் நின்றாள். அடிக்கலாம்போல இருந்தது. தலையைத் துவட்டிவிடலாம்போலவும் இருந்தது.

6.

நல்ல படத்தை அவள் வக்கீலிடம் கொடுத்தாள். "வேலைப்பாடு பிரமாதம்" என்றார் அவர். கோர்ட்டில் கொடுத்தது முதலாளி துடைத்த முந்தையதை. வீட்டில் அண்ணி சொன்னாள்: "நீ எதையும் பேசிக் கெடுத்துடாத. அவருக்கு லைசென்ஸ் போச்சுன்னா நானும் புள்ளைங்களும் எங்க போறது?"

கோர்ட்டில் முதலாளி ஒரே கேள்வியில் உதிர்ந்தார். படத்தை எப்படிச் செய்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டதும், "நான் இல்லீங்க, எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு" என்று விரலை நீட்டிவிட்டார். அவளைக் கூண்டுக்கு அழைத்தார்கள். கைப்பையில் பென் டிரைவ். அதில் அந்த இன்னொரு படம்.

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். எழுதிக் கிழித்தவை:

(அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். நீங்கள் நெகிழ்ந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். அண்ணி முகத்தில் தினமும் விழிக்கப்போவது நீங்களா?

(ஆ) "ரோடு இப்படித்தான் இருந்துச்சு" என்கிறாள். குழாய்க்காரர் ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு... இதற்குமேல் எழுத முடியவில்லை. முயன்றேன்.

(இ) அண்ணன் துள்ளி எழுந்து "தப்பு என்னுதுய்யா!" என்று கதறுகிறான். இதை எனக்குச் சொன்ன நண்பருக்கு வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பின்னணி இசை கேட்கும்.

ஆகவே நடந்தவரை சொல்கிறேன். திரையில் வெறிச்சோடிய ரோடு மினுங்குகிறது. நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்கிறார்: "இது நீங்க செஞ்ச படமாம்மா?"

"இதுவும் நான் செஞ்சதுதாங்க."

அந்த 'உம்' என் பேனாவிலிருந்து வரவில்லை. அடிக்கப் பார்த்தேன், வாக்கியம் நொண்டியது. வக்கீல் பேனா மூடியைத் தவறவிடுகிறார். அண்ணன் இப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்கிறான். குழாய்க்காரரும் பார்க்கிறார்.

"இதுவும்னா?" என்கிறார் நீதிபதி.

அவளுடைய பதிலை நான் எழுதப்போவதில்லை. கூடப்பிறந்தவர் இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து அறிவுரை ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.