ஆள் வருது

ஜன்னல் கம்பிகளின் நிழல் காலி இடத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, கம்பி, கம்பி, பிறகு ஒரு புளியமரத்தின் மொத்த நிழல், மறுபடியும் கம்பி, நடுவில் வஜ்ரவேல் அண்ணனின் கைக்குட்டை, நான்காக மடித்தது, ஓரத்தில் பச்சைக் கோடு போட்டது, நிழல் அதன் மேல் ஏறி இறங்குகிறது, கைக்குட்டை அசையவில்லை, நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலோரம் அவளுடையது, என்றைக்கும் அவளுடையது, சுகிர்தா, என் மனைவி, போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான், இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை, உறவினர்களுக்கும் ரயில் சிநேகிதர்களுக்கும் என் கூடப்பிறந்த அண்ணன்தான் போன் செய்து சொன்னான், துக்கம் கேட்டவர்களுக்கு நான் தலையை ஆட்டினேன், அலுவலகத்திலும் தலையை ஆட்டினேன், வாய்வார்த்தையாக ஒருவரிடமும் இன்றுவரை இல்லை.

இந்த ரயிலில் ஒரு வழக்கம் உண்டு, வண்டி புறப்படும் அரக்கோணத்தில் ஏறுகிறவர்கள் வழியில் ஏறுகிறவர்களுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும், கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, பேப்பர், எது கையில் இருக்கிறதோ அது, யாராவது கேட்டால் ஆள் வருது என்று சொன்னால் போதும், நிற்கிறவர் நின்றுகொள்வார், எத்தனை கூட்டமானாலும் அந்த இரண்டு வார்த்தையை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது, வராத ஒருவருக்காக ஒரு துணித்துண்டு உட்கார்ந்திருக்கிறது, வந்தவர் அதற்கு மரியாதை கொடுத்து நிற்கிறார். கடம்பத்தூரில் ஏறும் எனக்கு வஜ்ரவேல் அண்ணன் ஓரிடம் பிடிப்பார், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டிடம், அவள் போனபின் நான் இந்த ரயிலுக்கே வரவில்லை, பஸ்ஸில் போனேன், நேற்று சாயங்காலம்தான் நாளை ரயிலில் வருகிறேன் அண்ணா என்று செய்தி அனுப்பினேன், இன்று காலை ஏறிப் பார்த்தால் இரண்டிடம், ஒன்றில் அவருடைய பை, ஜன்னலோரம் கைக்குட்டை, அவர் சிரித்துக்கொண்டே பையை எடுத்தார், என் பின்னால் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தார், பிறகுதான் அவர் முகம் மாறியது, தம்பி, கை பாட்டுக்குப் போட்ருச்சிப்பா என்றார், பரவால்லண்ணா என்று உட்கார்ந்தேன், அவர் அதை எடுத்திருக்கலாம், நான் எடுத்திருக்கலாம், எதிரே இருக்கும் முனவர் பாயோ பங்கஜவல்லி அக்காவோ எடுத்திருக்கலாம், ஒருவருக்கும் கை நீளவில்லை.

மணி ஆச்சு, இன்னைக்கு சிக்னல்ல போடாம இருந்தா சரி, என்றார் முனவர் பாய், பாரிமுனையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பிறகு அவரே மறுபடியும், ஆமா அந்த லண்டன்ல காசுல எல்லாம் மூஞ்ச மாத்திட்டானுங்களா, ராணி போயி ராஜா வந்துட்டாரே, என்றார், சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஏனென்றால் லண்டன் அரண்மனைப் பேச்சு இந்தப் பெட்டிக்கு அவள் கொண்டுவந்தது, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பேரே அவளுக்குத் தெரியாது, அந்த அரண்மனையில் யார் யாருக்கு என்ன உறவு, ராஜாவுக்கு அப்புறம் யார், அவருக்கு அப்புறம் யார், எல்லாம் தெரியும், சொந்த அத்தை வீட்டுச் சண்டையைச் சொல்கிற மாதிரி சொல்லுவாள், சின்னவன் பொண்டாட்டியோட கெளம்பி வெளிநாடு போயிட்டான் அக்கா, என்பாள், இருக்காதா பின்ன, மாமியார் இல்லாத வீடு, ஆளாளுக்கு நாட்டாமை, என்பாள் பங்கஜவல்லி அக்கா, அக்காவுக்கு அது சோளிங்கரில் இருக்கும் தன் பெரியம்மா வீடு.

ராணி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது சாதாரண ரயிலில்தான் போவார் என்று ஒருநாள் அவள் சொன்னாள், வஜ்ரவேல் அண்ணன் நம்பவில்லை, சும்மா கத வுடாதம்மா, மகாராணி எங்கனா நம்மளாட்டம் பாசஞ்சர்ல போவாங்களா, என்றார், அவள் போனில் படத்தைக் காட்டினாள், பிளாட்பாரம், தலையில் துணி கட்டிய கிழவி, கையில் பை, போன் கைமாறிக் கைமாறிப் போனது, பங்கஜவல்லி அக்கா பார்த்துவிட்டு, அடியம்மா, மணவூர்ல ஏறுமே கீரக்காரம்மா, அது மாதிரியே கீறாங்க, என்றாள், முனவர் பாய்க்கு ஒரே கவலைதான், அதெல்லாம் சரி, அவங்களுக்கு யாரும்மா எடம் புடிச்சி வெப்பாங்க, சுகிர்தா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், நீங்க போங்க பாய், உங்க தொப்பியப் போட்டு வைங்க, என்றாள், அன்று வெயில் இப்படித்தான் விழுந்தது, அல்லது விழுவதாக இப்போது தோன்றுகிறது, பஸ்ஸில் தூங்கிப் போகும்போதெல்லாம் அந்தப் பிளாட்பாரம் எனக்கு வரும், பெயர்ப்பலகையில் கடம்பத்தூர் என்றிருக்கும், தலையில் துணி கட்டிய ஓர் அம்மா நிற்பார், வண்டி எந்தப் பக்கம் வரும் என்று கேட்பார், சுகிர்தா இந்தப் பக்கம்தாம்மா என்று கையைக் காட்டுவாள், அவர் யார் என்று கனவில் எனக்கு நன்றாகத் தெரியும், விழித்தால் தெரியாது, அவள் காட்டிய பக்கம் எது என்பதும் தெரியாது.

எனக்கு அந்த ராணிகிட்ட ஒண்ணுதான் ஆச்சரியம் தம்பி, என்று இப்போது வஜ்ரவேல் அண்ணன் பேசுகிறார், மௌனத்தை எதைக் கொண்டாவது மூடிவிட வேண்டும் அவருக்கு, அவங்க வூட்டுக்காரர் செத்தப்போ சர்ச்சுல தனியா ஒக்காந்துனு இருந்தாங்க பாரு, கொரோனா டைம், யாரும் பக்கத்துல ஒக்காரக் கூடாதுன்னு சட்டம், ராணியே ஆனாலும் சட்டம் சட்டம்தான்னு தனியா, பக்கத்துல அவ்ளோ எடம் காலியா, என்றவர் நிறுத்தினார், பங்கஜவல்லி அக்கா அவர் தொடையில் பட்டென்று அடித்தாள், அண்ணே, வாய வெச்சினு சும்மா இருக்க மாட்டீங்களா, முனவர் பாய் வெளியே பார்த்தார், நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அவளோடு, சமையலறையில் நின்று, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள், கறுப்புத் தொப்பி, கறுப்பு முகக்கவசம், குனிந்த தலை, எவ்ளோ பெரிய எடம், எவ்ளோ சின்னதா இருக்காங்க பாரேன், என்றாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். உலகத்தில் பாதி தன் முன்னால் கைகட்டி நின்ற ஒருத்தி, ஒரு பெஞ்சில் பக்கத்து இடத்தை நிரப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள், அன்று அது எனக்கு லண்டனில் நடந்த விஷயமாக இருந்தது, இன்று ஏகாட்டூர் தாண்டும்போது அது என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இவ்வளவு பெரியதை எப்படி ஒரு மனுஷி அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், குனிந்த தலைக்குள் என்ன ஓடியிருக்கும், வியப்புடன் நான் கைக்குட்டையைப் பார்க்கிறேன்.

திருவள்ளூர் வந்தது, கூட்டம் தள்ளிக்கொண்டு ஏறியது, ஒரு நடுவயது அம்மாள், கையில் எக்ஸ்ரே உறை, பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர் போல, ஒரு காலைத் தாங்கித் தாங்கி எங்கள் பெஞ்சுவரை வந்துவிட்டார், கைக்குட்டையைப் பார்த்தார், இங்க ஆள் வருதா, என்றார். எத்தனையோ வருடப் பழக்கம், வஜ்ரவேல் அண்ணனின் வாய் தானாகத் திறந்தது, ஆள், என்றார், மேலே வரவில்லை, மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், அந்த அம்மாளும் பார்த்தார், வருது என்று நான் சொன்னால் அவர் சென்ட்ரல்வரை நிற்பார், ஒரு கேள்வி கேட்க மாட்டார், அவள் இந்த ஜன்னலோரத்தில் இன்னும் கொஞ்ச நாள் வந்துகொண்டே இருப்பாள், தலையை ஆட்டினால் போதாது, அது இரண்டு அர்த்தத்துக்கும் ஆகும், வண்டி குலுங்கி நகர்ந்தது, அம்மாள் கம்பியைப் பிடித்தார். வரலம்மா, என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அவ வர மாட்டாம்மா, நீங்க ஒக்காருங்க.

வஜ்ரவேல் அண்ணன் கைக்குட்டையை எடுத்தார், உதறவில்லை, மடிப்புக் கலையாமல் அப்படியே முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார், அம்மாள் என் முழங்காலைத் தாண்டி உள்ளே போய், ஸ்ஸப்பா என்று உட்கார்ந்தார், எக்ஸ்ரே உறையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், யார்னா தவறிட்டாங்களா, என்றார் மெதுவாக, நான்தான் சொன்னேன், என் மனைவிம்மா. அவர் என் கைமேல் தன் கையை ஒரு முறை வைத்து எடுத்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், புட்லூர் தாண்டி வெயில் நேராக உள்ளே வந்தது, கம்பிகளின் நிழல் அவர் மடியில் ஓடியது, எக்ஸ்ரே உறையின் மேல், நரம்பு தெரியும் விரல்களின் மேல், கம்பி, கம்பி, ஒரு மரம் முழுதாக, அவர் அசைய அதுவும் அசைந்தது, மூச்சுவிட அதுவும் ஏறி இறங்கியது.