அறுத்த அரணாக்கயிறு

மல்லாங்கிணறு கடைவீதியில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியனுக்கு இடுப்பில் ஒரு புண். அரணாக்கயிறும் வேட்டியும் வருஷக்கணக்காக உரசிக் கறுத்துத் தடித்த இடம் அது. அதன் நடுவில் கொத்தமல்லி விதை அளவுக்கு வெடித்து, ஆறுவதும் உடைவதுமாக இருந்தது. அவர் மஞ்சளைக் குழைத்துப் பூசி, வேட்டியை இன்னும் ஓர் இறுக்கு இறுக்கிக்கொள்வார். இறுக்கினால் புண் அமுங்கிவிடுமாம். பெரிய வைத்தியர்தான், போங்கள்!

1971 ஐப்பசியில் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மனைவி ராமலட்சுமியின் விரலில் அது தட்டுப்பட்டது. சித்திரையில் பார்த்ததைவிட ஓரம் திரண்டு மேடேறியிருந்தது. அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை போட்டு, அழுது, ஒருவழியாக மதுரை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிக் கூடவே போனாள்.

டாக்டரம்மா துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுவாரம் போனதும் உட்காரச் சொன்னார்.

"இது புத்துநோய்தான். கயிறும் வேட்டியும் ஒரே எடத்துல உரசுறதால வர்றது. முந்தி எப்பவாவது ஒருத்தர் வருவாங்க, இப்ப மாசாமாசம் வர்றாங்க. எல்லாம் முத்தினப்புறம். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, வெட்டி எடுத்துடலாம். மொதல்ல அந்தக் கயித்த எடுக்கணும்."

சௌந்தரபாண்டியன் நோய்க்குக்கூட அசரவில்லை. கயிற்றுக்குத்தான் வெலவெலத்துப் போனார். இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டார்.

"அத சுடுகாட்டுலதாம்மா அறுப்பாக. உசுரோட இருக்கவன் இடுப்ப வெறுமனே விடக்கூடாது."

ராமலட்சுமி டாக்டரம்மா மேசைத் தட்டிலிருந்த கத்தரியை எடுத்தாள். "அங்க எவனோ அறுக்குறதுக்கு இங்க நானே அறுக்குறேன். கைய எடுங்க."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. கையை எடுத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா வெட்டியெடுத்த சதை கிடந்த கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். "சுத்தியும் நல்ல சதைதான். நோய் எங்கயும் ஓடலை."

ராமலட்சுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூட்டையை ஒற்றைக் கையில் புரட்டுகிற மனுஷனைத் தின்ன இருந்தது இவ்வளவுதானா? எங்கேயும் ஒளிந்துகூட இருக்கவில்லையே. தோலின் மேலே, பட்டப்பகலில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்திருக்கிறது. பார்த்ததால் மட்டுமே ஓர் உயிர் மிஞ்சியிருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மயக்கம் தெளிந்த சௌந்தரபாண்டியன் முதலில் இடுப்பைத்தான் தடவினார். கட்டு இருந்தது, கயிறு இல்லை.

"நான் இருக்கேனா?" என்று மெல்லக் கேட்டார்.

"இருக்கீக," என்றாள் ராமலட்சுமி. "இனிமே வேட்டிய மட்டும் லூசாக் கட்டுங்க."