சாம்பல்தாய் யாருடைய மனைவி?

லோஜினியின் கட்டுரையை வினோதன் நீக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கண்டி நகரில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டுப் போனைத் திறந்தபோதுதான் கண்டாள். இணையக் குழுவின் பக்கத்தில், அவள் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய பதினொரு பக்கம் இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி கிடந்தது: 'மூல நூலுக்கு முரணானது. நீக்கப்பட்டது.'

அது ஒரு விளையாட்டைப் பற்றிய கட்டுரை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடிக்கும் விளையாட்டு. கதை நடக்கும் கற்பனை உலகத்துக்கு அர்வேனா என்று பெயர். அதற்கென்று மலைகளும் அரசுகளும் கோயில்களும் ஒன்றோடொன்று மோதும் சாமிகளும் உண்டு. எல்லாவற்றையும் விவரிக்கும் நானூறு பக்க ஆங்கிலப் புத்தகமும் உண்டு.

கட்டுகஸ்தோட்டையில் ரிஸ்மியின் போன் திருத்தும் கடை மாடியில் சனிக்கிழமை தோறும் ஆறு பேர் கூடுவார்கள். கதையை நடத்துபவர் வினோதன். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி அதிகாரி, மாற்றலாகிக் கண்டிக்கு வந்து எட்டு வருடம். அர்வேனாவின் சாமிகளுக்கெல்லாம் தமிழில் பெயர் வைத்தவரும், இணையத்தில் தமிழ் ரசிகர் குழுவைத் தொடங்கி நானூறு பேரைச் சேர்த்தவரும் அவர்தான். அசல் புத்தகம் அவரிடம் மட்டுமே இருந்தது. மற்றவர்களிடம் இருந்தது அவர் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்த பிரதி.

லோஜினி எழுதியது சாம்பல்தாயைப் பற்றி. அர்வேனாவின் உப்புச் சுரங்கங்களில் வேலை செய்பவர்கள் கும்பிடும் தெய்வம் அவள். புத்தகம் சொல்லும் கதை சுருக்கமானது. சூரிய தேவன் ஓரனின் மனைவி அவள். பார்க்கக் கூடாது என்று சொல்லியும் கணவனின் முகத்தைப் பார்த்தாள், எரிந்து போனாள். ஓரன் இரக்கப்பட்டு அந்தச் சாம்பலைச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தான். ஆகவே அவர்களுடைய வழிபாடு ஓரன் மதத்தின் ஒரு தாழ்ந்த கிளை.

விளையாட்டில் இரண்டு வருடமாகச் சாம்பல்தாயின் பூசாரியாக இருந்தவள் லோஜினி. அந்தக் கதை அவளுக்கு ஒரு நாளும் ஒட்டவில்லை. புத்தகத்தின் மூலை முடுக்குகளைத் துருவினாள். சுரங்கக்காரர்களுக்கு ஆண்டு பிறப்பது மிக நீண்ட இரவில். ஓரனின் நாட்காட்டி எங்கும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சத்தியம் செய்வது 'நெருப்புக்கு முந்தியவள் மேல்'. ஓரனின் மக்கள் அந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்குவதற்கு முந்நூறு வருடம் முன்பே மூடப்பட்ட ஒரு சுரங்கத்தின் சுவர் முழுக்கச் சாம்பலில் பதித்த கை அடையாளங்கள். சாம்பல்தாய் ஓரனை விட மூத்தவள், அவனுக்கு மனைவியாக்கப்பட்டது பிறகுதான் என்று முடித்திருந்தாள்.

அன்று வேலை முடிந்ததும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று வினோதனுக்குப் போன் எடுத்தாள்.

"வினோதண்ணே, ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாமே."

"லோஜினி, கோவிக்காதேயும். நல்லா எழுதியிருக்கிறீர், அதை நான் மறுக்கேல்லை. ஆனா புத்தகத்தில அவ ஓரன்ர மனுசி எண்டு தெளிவாக் கிடக்கு. ஆளாளுக்கு ஒரு புராணம் எழுதினா, நாளைக்குப் புதுசா வாற பெடியளுக்கு எது அர்வேனா எண்டே விளங்காது."

"நான் புதுசா எதையும் எழுதலண்ணே. எல்லாம் அந்தப் புத்தகத்துலயே இருக்கு."

"அப்ப ஒண்டு செய்வம். அடுத்த மாசம் கண்டியில குழுவின்ர ஒன்றுகூடல் இருக்குதானே? அதில வந்து உம்மட பக்கத்தைக் கதையும். எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுக்கட்டும்."

"சரி, வாறேன்," என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன ஒத்துக்கொண்டோம் என்று உறைத்தது. கூட்டத்துக்கு முன்னால் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

மடுல்கெல்லைப் பக்கம் அப்பா அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த மாதம் அவள் போகவில்லை. கட்டுகஸ்தோட்டையில் தங்கியிருந்த வாடகை அறையில், வேலைக்குப் போகும் முன் அதிகாலையில் எழும்பிப் பிரதியை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள். ஒன்றுகூடலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சமயங்களைப் பற்றிய அத்தியாயம் 189ஆம் பக்கத்தில் தொடங்கியது. அதற்கு முந்திய தாள் 186. நடுவில் இரண்டு பக்கம் இல்லை.

ரிஸ்மியின் கடைக்குப் போய் அவனுடைய பிரதியைப் பார்த்தாள். அதிலும் இல்லை.

"எல்லாம் ஒரே இடத்துல அடிச்சதுதானே தங்கச்சி," என்றான் ரிஸ்மி, பிரித்துப் போட்ட போனிலிருந்து தலை தூக்காமல். "வினோதன்கிட்ட கேட்டுப் பாருங்க. அசல் அவர்ட்டதான் இரிக்கி."

கேட்டு எழுதினாள். உடனே பதில் வந்தது: 'ஓம், அதில படம் மட்டும்தான். ஒரு கோயில் படம். காசு மிச்சம் எண்டு விட்டனான்.'

அதோடு விட்டிருக்கலாம். படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவளை விடவில்லை. 'ஒன்றுகூடலுக்கு அசல் புத்தகத்தைக் கொண்டு வருவீங்களாண்ணே?' என்று எழுதினாள். 'கட்டாயம்' என்றார் அவர்.

பேராதனை வீதியில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்திருந்தார்கள். கொழும்பு, ஹட்டன், யாழ்ப்பாணம் என்று இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். வெளியே மழை அடித்துப் பெய்தது. குழுவில் எல்லாரிலும் வயதில் மூத்த வீரசிங்கம், கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர், நடுவராக உட்கார்ந்தார்.

வினோதன் முதலில் பேசினார். பேச்சு ஒழுங்காக, வெட்டி அடுக்கியது போல இருந்தது. "கை அடையாளம் பழசுதான், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஓரனைக் கும்பிட்ட சனம் பிந்தி வந்ததெண்டதால ஓரனே பிந்திப் பிறந்தவன் எண்டு ஆகுமோ? சூரியன் எப்பவும் இருக்கிறதுதானே? அவன்ர மனுசியும் எப்பவும் இருந்திருப்பா." சிலர் கை தட்டினார்கள்.

லோஜினி எழும்பினாள். எழுதிக்கொண்டு வந்த தாளை ஒருமுறை பார்த்தாள். அதை மடித்துத் தான் உட்கார்ந்திருந்த கதிரையில் வைத்தாள்.

"சூரியன் எப்பவும் இருக்குதுங்க. ஆனா அதுக்கு ஓரன்னு பேரு வச்சு, கல்யாணம் கட்டி வச்சது ஆளுங்கதானே? எங்க தோட்டத்துல ஃபெக்டரிக்குப் பக்கத்துல ரோதைமுனி இருக்காரு. மெஷின்ல யாரு கையும் சிக்காமக் காப்பாத்துற சாமி. ரெண்டு வருசத்துக்கு முன்னால கட்டடம் கட்டிக் கும்பாபிஷேகம் செஞ்சாங்க. நோட்டீஸ்ல என்ன போட்டாங்க தெரியுமா? சிவபெருமானோட காவல் கணம்னு. சரி, போடட்டும். நூறு வருசம் கழிச்சு ஒருத்தர் அந்த நோட்டீஸ மட்டும் படிச்சா, ரோதைமுனி யாருன்னு நினைப்பாரு? மெஷின் ஓட்டுறவங்ககிட்ட அவரு கேக்கவே மாட்டாரு."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், கேலியாக இல்லை.

"அதனால எனக்கு ஒரே ஒரு கேள்விதாங்க. சாம்பல்தாய் ஓரனோட பொண்டாட்டின்னு இந்தப் புத்தகத்துல சொல்றது யாரு?"

"புத்தகம் எழுதினவைதான்," என்றார் வினோதன்.

"நம்ம பிரதியில நூத்தி எண்பத்தேழும் எண்பத்தெட்டும் இல்லண்ணே. படம்னு சொன்னீங்க. அந்தப் படத்த எல்லாருக்கும் காட்டுறீங்களா?"

வினோதன் தோளைக் குலுக்கிக்கொண்டு பையிலிருந்து அசல் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி உயர்த்திக் காட்டப் போனவர், பாதியில் கையை இறக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தை முகத்தருகே கொண்டு போனார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருக்கலாம். படம்தான் என்று சொல்லியிருந்தால் எழும்பி வந்து பார்க்க அங்கே யாருக்கும் தோன்றியிராது.

"படத்துக்குக் கீழ சின்ன எழுத்தில ஒரு வரி கிடக்கு," என்றார். குரல் இறங்கியிருந்தது. ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். "இனி வரும் சமயச் செய்திகள், ஓரன் கோயிலில் ஏடெழுதும் மூன்றாம் எழுத்தன் கூறியபடி."

புத்தகத்தைத் திறந்தபடியே வீரசிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"அப்ப இது முழுக்க கோயில்காரன் சொன்ன கதையா?" என்று பின்னாலிருந்து ரிஸ்மி கேட்டான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வீரசிங்கம் மேசையைத் தட்டி அடக்கி, "பிள்ளை, நீங்க வேற ஏதும் சொல்லப் போறீங்களா?" என்றார்.

லோஜினிக்கு வென்றுவிட்டேன் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. "இதனால நான் சொன்னது சரின்னு ஆயிடாதுங்க," என்றாள். "அந்த எழுத்தன் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனா அவரு சொன்னது ஒரு கதை. சுரங்கத்துல உள்ளவங்க சொல்றது இன்னொரு கதை. ஒண்ண வச்சு மத்தத அழிக்காதீங்க. அவ்வளவுதான்."

வாக்கெடுத்தார்கள். குழுவின் பக்கத்தில் எது பிரதானக் கதையாக இருக்க வேண்டும் என்பதில் வினோதன் பக்கம் பதினான்கு, லோஜினி பக்கம் பன்னிரண்டு. தோற்றுப் போனாள். ஆனால் அவள் கட்டுரையைத் திரும்பப் போட வேண்டும் என்று வீரசிங்கம் கேட்டபோது இருபத்தாறு கையும் உயர்ந்தது. வினோதனின் கை எல்லாவற்றிலும் முதலாவது.

மாடிப்படியில் இறங்கும்போது ரிஸ்மி அவள் பக்கம் வந்தான். "ரெண்டு வாக்குதான் தங்கச்சி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் வரைக்கும் எதுக்கு?" என்றாள் லோஜினி. "ஞாயித்துக்கிழமைல உங்க மாடி சும்மாதானே இருக்கு?"

"ஓம், ஏன்?"

"நான் ஒரு மேசை நடத்தப் போறேன். சுரங்கத்துக்குள்ள நடக்கிற கதை. ஓரனோட ஆளுங்க கப்பல்ல வந்து இறங்கின வருசம்."

ஒருநாளும் கதை நடத்தியதில்லை அவள். நடத்துபவருக்கு எல்லா விதியும் தெரிந்திருக்க வேண்டும். எல்லார் பாத்திரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தால் அந்த இடத்திலேயே பதில் வேண்டும். ஆறு வாரம் எழுதினாள். ஒரு சுரங்கத்தின் வரைபடம் வரைந்தாள், அதில் வேலை செய்யும் நாற்பது பேருக்குப் பெயர் வைத்தாள். பரிசோதனை நிலையத்தில் கூட வேலை செய்யும் ருக்கியாவை உட்கார வைத்துப் பகடை உருட்டப் பழக்கினாள். முதல் ஒத்திகை இருபது நிமிடத்தில் குழம்பிப் போனது. எங்கே குழம்பியது என்று எழுதி வைத்துக்கொண்டு மறுபடி நடத்தினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தபோது ஆறாவதாக ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். வினோதன்.

"இடம் இருக்கோ?"

"இருக்குண்ணே. ஆனா இது உங்க மேசை இல்ல. இங்க நான் சொல்றதுதான் நடக்கும்."

"தெரியும். அதுக்குத்தான் வந்தனான்." அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓரன் கோயில் எழுத்தனா வரலாமோ?"

எழுத்தன் ஒருவன் சுரங்கத்துக்குள் இறங்கினால் அவன் என்ன கேட்பான், யார் அவனுக்குப் பதில் சொல்வார்கள், எவ்வளவு சொல்வார்கள் என்று லோஜினி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் வரும் போலிருந்தது.

"வாங்க," என்றாள். "ஆனா கீழ இறங்கினா நீங்களும் உப்பு வெட்டணும். வெட்டாதவங்களுக்கு இங்க யாரும் கதை சொல்ல மாட்டாங்க."

வினோதன் பகடைகளை எடுத்துக் கையில் குலுக்கினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைச் சொல்லத் தொடங்கினாள்.